தெமெங்கோர் ஏரியில தண்ணி ஏறுது, போட் ட்ரெய்லர்ல நேரா உட்கார மாட்டேங்குது, அவசரம்

பிறை_தூண்டில்:
வணக்கம் அண்ணன்மாரே. பண்டிங் ஜெட்டில (படகுத்துறை) இருக்கோம். போன தடவை வந்ததைவிடத் தண்ணி ரொம்ப மேல ஏறியிருக்கு. போட்டை இறக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்ல. ஏத்தும்போது வின்ச்ல (ட்ரெய்லர் முன்னாடி இருக்கற கயிறு சுத்தி இழுக்கற உருளை) கடைசி வரைக்கும் இழுத்தாச்சு. தண்ணிக்குள்ள நேராத்தான் இருக்கு, வெளிய எடுத்தா பின்பக்கம் இடது பக்கமா சாஞ்சு உட்காருது. திரும்ப இறக்கி ஏத்திப் பார்த்தோம், இப்போ இழுக்கற காடியும் (காரும்) சறுக்குது. மீனும் கடிக்கல, அது வேற கதை. காலையில பினாங்கு திரும்பணும். சீக்கிரம் சொல்லுங்க.

செபாராவ்_பிரியன்:
என்ன காடி, எந்தச் சக்கரம் இழுக்கும்? போட் அலுமினியமா ஃபைபரா? எத்தனை அடி? ட்ரெய்லர்ல போட் உட்காரறது பலகையிலா, ரோலர்லயா? இது ஒண்ணும் தெரியாம என்ன சொல்றது?

15_குதிரை:
ராத்திரி போட் தண்ணியிலேயே கட்டிக் கிடந்துச்சா? மழை பெஞ்சுதா? அடித்தகட்டுக்குக் கீழ தண்ணி நிக்குதான்னு முதல்ல பாருங்க. ஒரு லிட்டர் ஒரு கிலோ. 80, 100 லிட்டர் உள்ள கிடந்தாலும் மேல இருந்து பார்த்தா தெரியாது. போட் இறக்கற சிமெண்டுச் சரிவுல ஏறும்போது அவ்வளவும் பின்னாடி ஓடி, எந்தப் பக்கம் தாழ்வோ அங்க சேர்ந்துக்கும். பெட்ரோல் டாங்கியும் பேட்டரியும் இடது பக்கம் இருந்தா கேட்கவே வேணாம்.

பழைய_தக்கை:
உதவி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு தம்பி. படம் இல்லை, அளவு இல்லை, "சீக்கிரம்" மட்டும் இருக்கிறது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

சரி, கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரெய்லரை அளவுக்கு மீறி உள்ளே விட்டிருக்கிறீர்கள். மூக்கு வின்ச் கம்பத்தில் முட்டி நிற்கிறது, பின்பக்கம் பலகையைத் தொடாமல் மிதக்கிறது. மிதப்பதைக் காற்று கொஞ்சம் தள்ளினாலும் நகரும். காடி மேலே ஏற ஏறப் பின்பக்கம் இறங்கி, அந்த நொடியில் எங்கே இருந்ததோ அங்கேயே உட்கார்ந்துவிடும். இவ்வளவுதான் விஷயம்.

பிறை_தூண்டில்:
14 அடி அலுமினியம், 15 குதிரைத்திறன் இஞ்சின். கம்பளம் சுத்தின பலகை. காடி எம்பிவி (பெரிய குடும்ப வண்டி). ஆமா, ராத்திரி கட்டிப் போட்டிருந்தோம்.

செபாராவ்_பிரியன்:
எம்பிவின்னா முன்சக்கரம் இழுக்கறதா? அதைத்தானே முதல்லயே கேட்டேன்!

தக்கை அண்ணன் சொன்னது சரி, ஆனா எப்படிச் செய்யறதுன்னு சொல்லல. ஒரு தடவை ட்ரெய்லரை முழுசா உள்ள விட்டு கம்பளத்தை நல்லா நனைங்க. அப்புறம் மட்கார்டோட மேல்விளிம்பு தண்ணிக்கு மேல கொஞ்சம் தெரியுற வரைக்கும் முன்னாடி எடுங்க. பலகையில முன்பக்கம் மூணுல ஒரு பங்கு வெளிய இருக்கணும். இப்போ போட்டை ஏத்தினா பாதி தூரத்துலயே பலகை அடியைப் பிடிச்சு அதுவா நடுவுக்குக் கொண்டுவரும். மீதியை வின்ச்ல இழுக்கணும். கை வலிக்கத்தான் செய்யும். வலிக்கலைன்னா இன்னும் ஆழத்துல இருக்கீங்கன்னு அர்த்தம்.

யூடியூப்_மீனவன்:
சறுக்கறது பாசிதான் பாஸ். குளோரின் ஊத்தித் தேய்ங்க.

ஈயக்குண்டு:
ஏரியில குளோரினா? அந்த வேலையே வேணாம். அது பாசியும் இல்ல. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கும்போது இன்னைக்கு நனையுற சிமெண்டு போன வாரம் காஞ்சு கிடந்தது, அதுக்குள்ள பாசி எங்க வளரும்? மழையில மேட்டுலருந்து ஓடி வந்த செம்மண்ணுதான் மெல்லிசா படிஞ்சிருக்கும். வாளித் தண்ணி, தென்னந்துடைப்பம் போதும். முன்சக்கரம் நிக்கற ரெண்டு தடத்தையும் 3 மீட்டர் நீளத்துக்குத் தேய்ச்சுக் கழுவுங்க. பாசி வழுக்கறது தண்ணி இறங்கும் காலத்துல.

ஆனா முன்சக்கர வண்டிக்கு நிஜப் பிரச்சினை வேற. சரிவுல மூக்கு மேல பார்த்து நிக்குது, பாரம் பின்சக்கரத்துக்குப் போயிடுது. ட்ரெய்லர் மாட்டற கொக்கியில தொங்கற கனமும் பின்னாடியேதான் அழுத்துது. இழுக்க வேண்டிய சக்கரத்து மேல கனமே இல்ல. ஆளுங்களைப் பின்சீட்டுல ஏத்தினா இன்னும் மோசம். பானட்டு மேல யாரையும் உட்கார வைக்காதீங்க, அதையும் சில பேர் செய்யறாங்க.

வழி என்னன்னா, காடியைச் சரிவுலயே இறக்காதீங்க, சமதரையில நிறுத்தி ட்ரெய்லரைக் கயிறுல இழுங்க. கணக்கு போட்டுப் பாருங்க: 7க்கு 1 சரிவுன்னு வைங்க. போட், இஞ்சின், ட்ரெய்லர் சேர்ந்து 450 கிலோன்னா இழுக்க வேண்டியது சுமார் 65 கிலோ. காடி 1500 கிலோ, அது தன்னையே மேல ஏத்திக்க 215 கிலோ வேணும். சறுக்கறதுக்குக் காரணம் உங்க போட் இல்ல, உங்க காடியோட சொந்தக் கனம்.

15_குதிரை:
கயிறு முறையா? அதை விவரமா எழுதிடுங்கண்ணே, பாதி மட்டும் படிச்சிட்டு யாராவது காலை உடைச்சுக்கப் போறாங்க.

ஈயக்குண்டு:
எழுதறேன். ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை வெச்சிட்டு கொக்கியைக் கழட்டுங்க. முன்னாடி இருக்கற சின்னச் சக்கரத்தை இறக்கிப் பூட்டுங்க. அது இல்லாத ட்ரெய்லர்னா இந்த முறையே வேணாம், மூக்கு சிமெண்டுல குத்தி நின்னுடும். காடியைச் சமதரைக்குக் கொண்டு போங்க. 12 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு நல்லது. நைலான் ரப்பராட்டம் இழுபடும், அறுந்தா திருப்பி அடிக்கும். கயிறை ட்ரெய்லர் சட்டத்துல கட்டுங்க, வின்ச் கம்பத்துல கட்டாதீங்க. நடுக்கயிறு மேல ஈரத்துண்டு ஒண்ணு போடுங்க, அறுந்தாலும் வேகம் குறையும்.

கயிறை இறுக்கி, கட்டையை எடுத்து, காடியை மெதுவா பின்னாடி விட்டா ட்ரெய்லர் தானா இறங்கும். ஒரு ஆள் பக்கவாட்டுல நின்னு மூக்கைத் திருப்பணும். ட்ரெய்லருக்குக் கீழ்ப்பக்கமும், கயிறைத் தாண்டியும் யாரும் நிக்கக் கூடாது. போட் உட்கார்ந்ததும் ஆட்டோவா இருந்தா 'எல்' கியர்ல வெட்டி இழுக்காம ஒரே சீரா இழுங்க. சமதரைக்கு வந்ததும் மறுபடி கட்டை, அப்புறம் கொக்கி.

15_குதிரை:
அதுக்கு முன்னாடி உள்ள நிக்கற தண்ணியை வாரி வெளிய ஊத்துங்க. வடிகால் பிளக்கைத் தண்ணிக்குள்ள திறக்காதீங்க. பின்பக்கம் தண்ணிக்கு மேல வந்ததும் சரிவுலயே நிறுத்தி, கட்டை வெச்சுத் திறங்க. முழுசா வடியட்டும்.

ஏறுற தண்ணியில ராத்திரி போட் கட்டறவங்களுக்கும் ஒண்ணு: கரை மரத்துலயோ கம்பத்துலயோ குட்டையா கட்டினா, தண்ணி ஏற ஏறக் கயிறு மூக்கைக் கீழ இழுக்கும், போட்டுக்குள்ள தண்ணி புகும். மிதக்கற ஜெட்டியில கட்டுங்க, அதுவும் கூடவே ஏறும். காடியையும் தண்ணி ஓரமா விட்டுட்டுத் தூங்காதீங்க.

யூடியூப்_மீனவன்:
மீன் கடிக்கலைங்கறதுக்கு யாருமே பதில் சொல்லலையே? அமெரிக்காவுல வசந்த காலத்துல பனி உருகி ஏரி ஏறும்போது ட்ரௌட் மீனெல்லாம் ஆத்து வாய்க்கு வந்துடும். கரையோரமா ஸ்பூனை (கரண்டி மாதிரி உலோகப் பொய் இரை) மெதுவா இழுக்கறாங்க. அதே டெக்னிக் இங்கயும் வேலை செய்யும்.

பழைய_தக்கை:
வீடியோ பார்த்து மீன் பிடிக்கும் தலைமுறை. ட்ரௌட் குளிர்நீர் மீன், அதற்குச் சுகமான தண்ணீர் 10 முதல் 16 டிகிரி. அங்கே பனிக்கட்டி உருகியதும் கரையோர ஆழமற்ற தண்ணீர்தான் முதலில் சூடாகும், அதைத் தேடி வருகிறது. இங்கே மேல்தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்புதான். எந்தச் சூட்டைத் தேடித் தோமான் (விரால் இனப் பெரிய மீன்) கரைக்கு வரப்போகிறது?

செபாராவ்_பிரியன்:
காரணம் வேற, இடம் அதேதான் அண்ணே. அவரு சொன்னதுல பாதி சரி. தண்ணி புல்லையும் புதரையும் மூழ்கடிச்சா மண்புழு, வெட்டுக்கிளி எல்லாம் தண்ணிக்கு வருது. அதுக்குச் சின்ன மீன், சின்ன மீனுக்குப் பெரிய மீன். போன மாசம் மீன் எடுத்த பழைய கரை இப்போ ஆழத்துல கிடக்கு, அங்கயே வீசினா ஒண்ணும் கிடைக்காது. ஆத்து வாயில கலங்கலும் தெளிவும் சேர்ற கோடு தெரியும், தெளிவுப் பக்கமா நின்னு வீசுங்க. செபாராவ் மீன் அங்கதான் காத்திருக்கும்.

தோமானுக்கு இது பொருந்தாது. அது மேல வந்து காத்து குடிக்கற மீன், தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சாலும் கவலைப்படாது. மூழ்கின புல்லு நடுவுல களைக்காப்பு வெச்ச தவளை லூர் (பொய் இரை), 50 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நூல்). ஸ்பூனை மெதுவா இழுத்தா அடியில இருக்கற மரக்கிளைதான் கடிக்கும்.

பழைய_தக்கை:
குஞ்சுக் கூட்டத்தோடு இருக்கும் தோமானை விட்டுவிட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

செபாராவ்_பிரியன்:
அதுல உங்களோட சண்டையே இல்லண்ணே. அதைவிடப் பெரிய ஆபத்து பட்ட மரங்க. தண்ணி குறைவா இருந்தப்போ வெளிய நீட்டிக்கிட்டிருந்த முனையெல்லாம் இப்போ ஒரு சாண் கீழ மறைஞ்சிருக்கு. போன தடவை போன பாதைன்னு நம்பி வேகமா ஓட்டினா புரொப்பெல்லர் போச்சு. மிதக்கற கட்டை வேற. முன்னாடி ஒரு ஆள் நின்னு பார்க்கணும்.

பிறை_தூண்டில்:
ஏறிடுச்சு. கயிறுதான். உள்ள தண்ணி நிறைய இருந்துச்சு. நன்றி எல்லாருக்கும்.

15_குதிரை:
மட்கார்ட் அளவு வெச்சா, இல்ல வேற மாதிரியா? போற வழியில கிரிக் டவுன்ல நிறுத்தி ட்ரெய்லர் சக்கரக் குடத்தைத் தொட்டுப் பாருங்க. சூடான பேரிங்கை உடனே தண்ணியில இறக்கியிருந்தா, உள்ள காத்து சுருங்கித் தண்ணியை இழுத்திருக்கும். கை வைக்க முடியாத சூடுன்னா ஓட்டாதீங்க, கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தாலும் அதேதான்.

15_குதிரை:
தம்பி?

யூடியூப்_மீனவன்:
போயிட்டாரு போல. சரி, சனிக்கிழமை நான் போறேன். செபாராவுக்கு ஸ்பூன் எத்தனை கிராம்? ஆத்து வாய்னா சுங்கை தியாங் போகலாமா?

செபாராவ்_பிரியன்:
14லருந்து 20 கிராம், வெள்ளி நிறம். பிரெய்ட் 20 பவுண்டு, லீடர் (நுனியில கட்டற நூல்) 30. ஸ்பூனோட கூட வர்ற தூண்டில் கொக்கி மெல்லிசா இருந்தா மாத்திடுங்க, செபாராவ் நிமித்திடும்.

பழைய_தக்கை:
சுங்கை தியாங் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலைக்கு வடக்கே, ராயல் பெலும் மாநிலப் பூங்கா எல்லைக்குள் இருக்கிறது. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் பெர்மிட் இல்லாமல் நுழையக் கூடாது. அங்கே போய் நின்றுகொண்டு இங்கே "அவசரம்" என்று எழுத வேண்டாம். தெற்கே சுங்கை சிங்கோர் பக்கம் பாருங்கள்.