'குரல் எல்லை'யா, 'வாகிடம்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவரின் குரல் எட்டும் கீழ்ச்சுரம் முதல் மேற்சுரம் வரையான பரப்புக்கு 'குரல் எல்லை' என்று எழுதியிருந்தீர்கள். பொருள் சரிதான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்தச் சொல் பயமாக இருக்கிறது. எல்லை என்றால் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் ஓடுவார்கள். 'குரல் வீச்சு' என்றாலோ, உரத்துப் பாடுவது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

பண்ணிசைப் போட்டிக்கு வந்த ஒரு பிள்ளை 5½ கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) ஒரு தேவாரம் பாடிக்கொண்டிருந்தாள். தார ஸ்தாயிப் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ப', வரும் இடத்தில் நாடி (முகவாய்) மேலே ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும். சுரம் என்னவோ எட்டியது. மறுநாள் தொண்டை அடைத்துப்போய் வந்தாள். இரண்டு நாள் பாடவிடவில்லை.

அப்புறம் முதலிலிருந்து பார்த்தோம். தண்ணீர் குடித்துவிட்டு, பேசுகிற சுருதியில் வாய்மூடி 'ம்ம்' என்று முனகல். உதடு படபடக்க ஊதியபடி ஒவ்வொரு சுரமாகக் கீழே இறங்கினோம். குரல் காற்றாகப் போகிற இடத்தில் நிறுத்தினோம். மேலே போகும்போது நாடி அசையத் தொடங்கியதும் நிறுத்தி, அதற்கு முந்திய சுரத்தைக் குறித்தோம். ஒரு நாள் கணக்கு போதாது, காலைக் குரல் வேறு, மாலைக் குரல் வேறு. மூன்று நாளும் அவளுக்கு இலகுவாக வந்தது தார ஸ்தாயிச் சுத்த மத்திமம், அதாவது அந்தப் 'ப'வுக்குக் கீழே உள்ள 'ம', வரைதான். சுருதியை 4½ கட்டைக்கு இறக்கினோம். பழைய மத்திமம் நின்ற இடத்திலேயே இப்போது பஞ்சமம் வந்து நின்றது. அதே தேவாரத்தை நாடி அசையாமல் பாடினாள்.

ஆகவே நமக்கு ஒன்றல்ல, இரண்டு சொற்கள் வேண்டும். எட்டுகிற முழுப் பரப்புக்குக் 'குரலெட்டம்'. எட்டம் என்றால் எங்கள் ஊரில் தூரம், எட்டுதலும் அதற்குள் இருக்கிறது. வருத்தாமல் ஒரு பாட்டு முழுவதையும் பாடக்கூடிய பகுதிக்கு 'வாகிடம்', குரலுக்கு வாகான இடம். 'குரல்வாகு' என்றும் யோசித்தேன், ஆனால் உடல்வாகு போல அது குரலின் தன்மையைக் குறித்துவிடும். மெலிவு, சமன், வலிவு என்ற பழைய சொற்கள் கீழ், நடு, மேல் ஸ்தாயிகளைச் சொல்பவை. ஆளுக்கு ஆள் மாறுகிற இந்த அளவுக்கு அவை பொருந்தா.

"உன் வாகிடத்துக்குள் பாடு, பிள்ளை" என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். விளக்கம் கேட்காமலே விளங்கிக்கொண்டார்கள்.

கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்.