புதுப்பிப்பு: ஆபீஸ் நெட்வொர்க்கில் ஃபைல் சேவ் ஆகத் தாமதம் – தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. அக்கவுண்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும், சர்வரில் இருக்கும் எக்செல் ஃபைலைச் சேவ் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்ததில் மாற்றமில்லை. பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்கும் சின்ன சோதனை) ஒழுங்காக வந்ததால் நெட்வொர்க் மேல் சந்தேகமே வரவில்லை. ‘டூப்ளெக்ஸைப் பாருங்கள்’ என்ற நண்பர்தான் சரியாகப் பிடித்தார். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் முடியும்; ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். நெட்வொர்க் கார்டை யாரோ 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் மாற்றி வைத்திருந்தார்கள். கேபிளின் மறுமுனையில் உள்ள சுவிட்ச் போர்ட் ஆட்டோவில் இருந்தது, அதாவது எதிர்முனையோடு பேசி ஸ்பீடையும் டூப்ளெக்ஸையும் தானே முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷனில். எதிர்முனை பதில் பேசாவிட்டால் சுவிட்ச் போர்ட் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் மாதிரி சின்ன பாக்கெட் தப்பித்துவிடும், பெரிய ஃபைல் எழுதும்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பி மோதல். அந்தப் போர்ட்டில் லேட் கொலிஷன் (பாக்கெட் போகத் தொடங்கிச் சற்றுக் கழித்து வரும் மோதல்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

கார்டை ஆட்டோ நெகோஷியேஷனுக்கு மாற்றியதும் சேவ் சட்டென்று ஆனது.

எதிர்பாராதது ஒன்று: அப்புறமும் லிங்க் ஸ்பீட் 1 ஜிபிபிஎஸ் வரவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி வயர் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மேஜைக்காலில் நசுங்கிய இடத்தில் பழுப்பு வயர் அறுந்திருந்தது. புது கேட் 6 கேபிள் போட்டதும் சரி. ஸ்பீடைக் கையால் மாற்றியவர் இதைச் சமாளிக்கத்தான் செய்தாரோ என்னவோ!