வங்கக்கடலுக்கு மேல் அந்த 4 விநாடி. வேறு யாராவது பார்த்தீர்களா?

வலது இருக்கை:
ஏழு வருஷமாச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. சென்னை–கோலாலம்பூர், நடுராத்திரி செக்டர், 37,000 அடி. நான் கோ-பைலட். டிசம்பர், நிலா இல்லாத இரவு. நிக்கோபார் இன்னும் வரல. ஹெச்எஃப்ல (தூரத்துக்குப் பேசுற ரேடியோ) சென்னைக்குப் பொசிஷன் சொல்லி முடிச்ச நேரம்.

திடீர்னு காக்பிட் முழுக்கப் பச்சை கலந்த வெள்ளை. வெல்டிங் வெளிச்சம் மாதிரி, ஆனா துடிப்பு இல்ல. நான் முதல்ல வெளிய பார்க்கல, கேப்டனைப் பார்த்தேன். என் பக்க வைப்பரோட நிழல் அவர் காதுல தொடங்கி, கன்னம், மூக்குன்னு நகர்ந்து போச்சு. அந்த நிழல்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. திரும்பினா, வலப்பக்கம் ஒரு உருண்டை, மேகக் கோபுரத்துக்குள்ள இறங்குது. மேகம் உள்ளேயிருந்து பால் மாதிரி வெளுத்துது. அப்புறம் இருட்டு. ரேடார்ல அந்த மேகம் 60 மைல் தூரம்.

அரை நிமிஷம் கழிச்சு 123.45ல, அதாவது பைலட்டுங்க தங்களுக்குள்ள பேசிக்கிற ரேடியோ அலைவரிசையில, ஒரு குரல்: "யாராவது அதைப் பார்த்தீங்களா?" இங்கிலீஷ்தான், ஆனா நம்ம ஊர் நாக்கு. நான் பட்டன்ல விரல் வெச்சேன். கேப்டன் தலையாட்டினார். "வேணாம் தம்பி. ரிப்போர்ட், மெடிக்கல்னு இழுத்தடிப்பாங்க." அந்தக் குரல் இன்னொரு தடவை கேட்டுது. யாரும் பதில் சொல்லல. நானும்தான்.

நாக்பூர்வாசி:
நான் பார்த்தது 2022 ஏப்ரல் 2. மொட்டை மாடியில துணி எடுக்கப் போன மனைவி கத்தினா, ஓடினேன். வானத்துல நெருப்பு வரிசையாப் போகுது, ஒண்ணு பின்னால ஒண்ணா. பக்கத்து வீட்டு அம்மா விமானம் எரியுதுன்னு அழவே ஆரம்பிச்சுட்டாங்க. சீன ராக்கெட்டோட பாகம்னு பிறகு தெரிஞ்சுது. சந்திரபூர் மாவட்டத்துல ஒரு கிராமத்துல பெரிய உலோக வளையமே விழுந்து கிடந்துது.

ஆனா நீங்க பார்த்தது அது இல்லை. ராக்கெட் பாகம் விநாடிக்கு 7, 8 கிலோமீட்டர்லதான் வரும். ஆற அமர, படுக்கை வசமாப் போகும். நாங்க கீழே ஓடிப் பையனைக் கூட்டிட்டு வந்து காட்டுற அளவுக்கு நேரம் இருந்துது. 4 விநாடியில முடிஞ்சதுன்னா எரிகல். டிசம்பர்னா ஜெமினிட்ங்கற எரிகல் பொழிவு, 13, 14 தேதிகள்ல உச்சம். தேதி என்னன்னு பாருங்க.

இன்னொண்ணு. எரிகல் பெரும்பாலும் 80, 100 கிலோமீட்டர் உயரத்துலேயே எரிஞ்சு தீர்ந்துடும். உங்க மேகத்துக்குள்ள அது இறங்கியிருக்காது. மேகத்துக்குப் பின்னால, 700 கிலோமீட்டருக்கு அப்பால எரிஞ்சிருக்கும். பூமியோட வளைவுல அது கீழே இறங்கின மாதிரி தெரியும்.

வலது இருக்கை:
700 கிலோமீட்டருக்கு அப்பால எரிஞ்சது எப்படிங்க கேப்டன் முகத்துல வைப்பர் நிழலைப் போடும்? நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

அக்கரைப்பேட்டை:
நானு போட்டுக்காரன். நாகையிலேர்ந்து தங்கலுக்கு, கடல்லயே ராத்தங்கி மீன்பிடிக்க, போயிருந்தோம், மார்கழி, வாடை. வலை இழுத்துக்கிட்டிருந்தப்ப கடலே பகலாயிட்டுது. வலையில நூலு ஒண்ணொண்ணாத் தெரிஞ்சுது, கண்ணியில மாட்டியிருந்த நண்டோட கால் தெரிஞ்சுது. சர்ருன்னு ஒரு சத்தம், வெளிச்சம் வந்த அதே நேரத்துல. எங்கூட இருந்த பெரியவரு வலையை விட்டுட்டு மல்லி, முல்லை, சாமந்தின்னு பூப்பேரா சொல்றாரு. எரிவெள்ளி பாத்தா அப்படிச் சொல்லணும்னு அவுங்க ஆத்தா பழக்கினதாம். நாங்க நாலு பேரும் கூடவே சொன்னோம். தம்பி, ஒனக்கு அந்த நேரத்துல பூப்பேரு சொல்ல ஆளில்ல.

ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்து கன்ட்ரோலர்:
படகுக்காரத் தம்பிக்கு: வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வராது. 80 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலி வர நாலு நிமிடம் ஆகும். பிரமையாக இருக்கலாம். ஆனால் கடுமையான வெளிச்சம் துடிக்கும்போது முடி, துணி போன்றவை சூடாகிச் சத்தம் எழுப்பலாம் என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. எனவே பொய் என்று சொல்ல மாட்டேன்.

என் அனுபவம் சிறியது. 2022 டிசம்பர் 15, கொல்கத்தாவில் மகன் வீட்டு மாடி, அந்தி நேரம். வானத்தில் டார்ச் அடித்தாற்போல விரியும் ஒளி. அன்று அக்னி-5 ஏவுகணை ஏவப்பட்டது. கீழே இருட்டிவிட்டாலும் மேலே வெயில் இருக்கும். அது புகையில் பட்டு ஒளிர்ந்திருக்கும்.

கோ-பைலட் தம்பி, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எது கண்டாலும் நேரத்தை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) குறியுங்கள். ஹெட்டிங் (விமானம் நோக்கிய திசை), ஜன்னலில் எந்த உயரம், எத்தனை விநாடி, எந்த நிறம் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் தனித்தனியாகக் கையெழுத்திடுங்கள். பேசி முடித்த பிறகு எழுதினால் ஒருவர் நினைவு மற்றவருடையதாகிவிடும். அந்தப் பகுதிக்கு ஏவுகணை நோட்டாம் (பைலட்டுகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) இருந்ததா பாருங்கள். அமெரிக்க உணர்கருவிகள் பதிவு செய்யும் எரிகோளங்களை நாசா பட்டியலிடுகிறது, அதையும் பாருங்கள். இப்போது பைலட்டுகள் சொல்லும் பலவும் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள்: அடிவானத்துக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் மினுங்கி மறையும், மறுபடி மினுங்கும். அது நிழல் போடாது. பளிச்சென்று பார்த்த கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் ஆகும். பளிச்சென்று பார்த்தபின் சிறிது நேரம் கண்ணில் தங்கும் ஒளிப்படலம் நகர்வதுபோலத் தெரியும். மேகம் உள்ளிருந்து வெளுத்தது அதுவாக இருக்கலாம். உங்கள் கேப்டன் சொன்னது மட்டும் தவறு. ரேடியோவில் ஒருவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

யூரல் டாக்டர்:
2013 பிப்ரவரி 15, ரஷ்யாவுல யெகாதெரின்பர்க், மருத்துவம் படிச்சிட்டிருந்தேன். காலை 9:20. அன்னிக்கு எரிகல் வெடிச்ச செல்யாபின்ஸ்க்லேர்ந்து 200 கிலோமீட்டர். எங்க ஹாஸ்டல் சுவர்ல ஜன்னல் கம்பி நிழல் ஓடுச்சு, நீங்க சொன்ன மாதிரியேதான். நாக்பூர்காரருக்கு: 200 கிலோமீட்டர்லேர்ந்து நிழல் விழும், நான் பார்த்தேன். ஆனா அது 20 மீட்டர் அகலக் கல், எல்லாமும் அப்படி இருக்காது.

செல்யாபின்ஸ்க்ல வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினாங்க. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அதிர்வு வந்து கண்ணாடி உடைஞ்சுது. காயம்பட்டவங்க சுமார் 1,500 பேர், நிறையப் பேருக்குக் கண்ணாடிக் கீறல். வெளிச்சம் பார்த்தா ஜன்னலை விட்டு விலகிடுங்க, பிள்ளைகளுக்கும் சொல்லி வைங்க.

வலது இருக்கை:
எல்லாருக்கும் நன்றி. நாசா பட்டியல்ல அந்த ராத்திரி எதுவும் இல்லை, பார்த்துட்டேன். நோட்டாமும் இல்லை. தேதி 13 இல்லை, 9.

கன்ட்ரோலர் சார், கேப்டன் இப்ப ஓய்வுல இருக்கார். போன மாசம் போன்ல கேட்டேன். "எந்த வெளிச்சம் தம்பி?"ன்னார். நிஜமாவே மறந்துட்டாரா, தெரியல.

123.45ல அன்னிக்கு ரெண்டு தடவை கேட்டவர் இதைப் படிச்சா, பார்த்தோம் சார். நாங்களும் பார்த்தோம்.