மதியம் ஆனால் கடை ஏசி ட்ரிப் ஆகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் துணிக்கடைக்குப் போன வருடம் 8.5 டன் டக்டபிள் ஏசி (குழாய் மாதிரி டக்ட் வழியாகக் குளிர்காற்று தருவது) இரண்டு போட்டோம். ஆர்-410ஏ கேஸ், த்ரீ பேஸ். காலையில் ஒழுங்காக ஓடுகிறது. மதியம் 2 மணி வெயிலில் ஹை பிரஷர் காட்டி நின்றுவிடுகிறது.

மொட்டை மாடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு அவுட்டோரும் (அனலை வெளியே தள்ளும் யூனிட்) எதிரும் புதிருமாக நிற்கின்றன, நடுவில் 3 அடிதான். ஒன்று தள்ளும் அனலை மற்றது இழுக்கிறது என்று நினைக்கிறேன். ஒட்டியே கைப்பிடிச் சுவர் வேறு. காயிலில் உப்பும் தூசியும் அப்பிக் கிடந்தன. ஐசொலேட்டரை (கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்துவிட்டு, ஃபின் (காயிலின் மெல்லிய தகடுகள்) மடங்காமல் மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். கொஞ்சம் தேவலை, ஆனால் தீரவில்லை.

வந்த மெக்கானிக், பிரஷர் எகிறினால் ஏசியை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சை பைபாஸ் செய்துவிடலாம் என்றார். கம்ப்ரஸரைக் காப்பாற்றத்தானே அது இருக்கிறது? வேண்டாம் என்றுவிட்டேன். அப்புறம் லீக் பார்க்க ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்! அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும், நைட்ரஜன் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். ஆள் அதோடு வரவில்லை.

ஒரு யூனிட்டைத் திருப்பி வைப்பதா, காற்று மேலே போகும்படி தகரத்தில் டக்ட் அடிப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் காயிலை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள்? யூனிட்டை நகர்த்தினால் பைப்பில் வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), கேஸை எடை பார்த்து ஏற்றுகிற நல்ல ஆள் இந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?