மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்குக் கண்ணில் புள்ளி மிதந்தால்

உறுப்பு மாற்றிக்கொண்டவர் இருக்கும் வீட்டில் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கண் சிவக்கவில்லை, பீளை தள்ளவில்லை, வலியில்லை என்பதால் உள்ளே கிருமி இல்லை என்று ஆகிவிடாது.

என் அண்ணனுக்குச் சிறுநீரகம் கொடுத்தது நான்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். வைரஸ் தடுப்பு மாத்திரையை 6 மாதத்தோடு நிறுத்தியிருந்தார்கள். அதற்கப்புறம் ஒருநாள், “இடது கண்ணுல கறுப்பா புள்ளி மிதக்குது தங்கச்சி, ஒரு ஓரம் தெரியவே மாட்டேங்குது” என்றார். பக்கத்துக் கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தூசி விழுந்திருக்கும் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அண்ணிதான் விடவில்லை. மாத்திரைப் பையோடு ஈப்போவில் கண் டாக்டரைப் பார்த்தோம். கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு, விழித்திரையைப் படமெடுத்துக் காட்டினார். இரத்தக் குழாய் ஓரமாக வெள்ளைத் திட்டு, நடுநடுவே இரத்தக் கசிவு. தயிரில் சம்பால் சிந்தியது போல இருந்தது. பலர் உடம்பில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் சைட்டோமெகலோ வைரஸாக இருக்கலாம் என்றவர் அதோடு விடவில்லை. அக்கி வைரஸ், டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூஞ்சை எல்லாமே விழித்திரையைத் தாக்கும், மருந்துதான் வேறு வேறு. அதனால் கண்ணை மரக்கவைத்து, மெல்லிய ஊசியால் உள்ளிருந்து துளி நீர் எடுத்துப் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். இரத்தத்தில் வைரஸ் அகப்படாவிட்டாலும் கண்ணில் இருக்குமாம்.

சிவப்பும் வலியும் பெரும்பாலும் உடம்பு கிருமியோடு போடும் சண்டையால் வருபவை. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸும் மைக்கோபினோலேட்டும் அடக்கிவைப்பது அந்தச் சண்டையைத்தான்.

இந்த வைரஸ் என் உடம்பில் முன்பே இருந்தது, அண்ணனுக்கு இல்லை. சிறுநீரகத்தோடு போயிருக்கலாம் என்று கேட்டபோது கலங்கிவிட்டேன். “நீ குடுக்கலன்னா நான் இன்னும் டயாலிசிஸ்லதான் கெடப்பேன், சும்மா இரு” என்று அண்ணன் அதட்டினார்.

சோதனையில் அதே வைரஸ்தான். கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஏற்றினார்கள். அது வெள்ளணுக்களைக் குறைக்கும் என்பதால் அடிக்கடி இரத்தம் பார்த்தார்கள். நடுப்பார்வை தப்பியது, போன ஓரம் போனதுதான்.

புள்ளி மிதந்தாலோ பார்வை மங்கினாலோ, “மாற்றுச் சிறுநீரகம்” என்பதை முதலில் சொல்லுங்கள். பாப்பாவை விரித்து அன்றைக்கே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திரும்பும்போது மோட்டார் ஓட்ட வேண்டாம், சில மணி நேரம் கண் கூசும். பயந்துபோய், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிறுநீரகம் போய்விடும். அளவைக் குறைப்பது சிறுநீரக டாக்டரின் வேலை.