துடிவிண்மீன் உரை: பாதியில் தொலைந்துபோனேன், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதுகலை இயற்பியல் முதலாண்டு மாணவன் நான். எங்கள் துறையில் நடக்கும் வாராந்திர ஆய்வுரைகளுக்குத் தவறாமல் போகிறேன் (தேநீரும் சமோசாவும் ஒரு காரணம்தான், மறைப்பானேன்). முதல் பத்து நிமிடம் புரிகிறது; பிறகு காடு.

கடந்த வார உரை, துடிவிண்மீன்களை (பல்சர்கள்: சீராகச் சுழன்று ரேடியோ துடிப்புகள் அனுப்பும் விண்மீன் எச்சங்கள்) கடிகாரங்களாக்கி நானோஹெர்ட்ஸ் ஈர்ப்பலைகளை (ஓர் அலைவுக்கே ஆண்டுக்கணக்கில் ஆகும் காலவெளி அதிர்வுகளை) தேடுவது பற்றியது. 2023 ஜூனில் வெளியான முடிவுகள், புனேவுக்கு அருகிலுள்ள 30 டிஷ் கொண்ட ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் பங்கு எல்லாம் விளங்கின. ஹெல்லிங்ஸ்–டவுன்ஸ் வளைவில்தான் மாட்டிக்கொண்டேன் (இரு துடிவிண்மீன்களின் துடிப்பு நேர விலகல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை, வானில் அவற்றுக்கு இடையிலான கோணத்துக்கு எதிராக வரைவது அது). பூமியின் கடிகாரம் தவறாக ஓடினால் எல்லாத் துடிப்புகளும் ஒரேபோல நகரும், சரி. ஈர்ப்பலையானால் மட்டும் இரு துடிவிண்மீன்களுக்கு இடையிலான கோணம் 90 பாகையை நெருங்கும்போது அந்த ஒப்புறவு (correlation) எதிர்மறையாகி, 180 பாகையில் மீண்டும் நேர்மறையாவது ஏன்? கேட்கக் கை தூக்கினேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

சமன்பாடு இருந்தாலும் பரவாயில்லை, படம் போட்டு விளக்க யாராவது இருக்கிறீர்களா? இத்தகைய உரைக்குப் போகுமுன் அறிமுகக் கட்டுரை எதையாவது படித்துவிட்டுப் போவீர்களா, அல்லது சுருக்கவுரையே போதுமா? மூத்தவர்கள் சொன்னால் அடுத்த வியாழனுக்குள் தயாராகிவிடுவேன்.