புதுப்பிப்பு: அந்தி நேரத்தில் ரிலே படபடத்தது நின்றுவிட்டது

இருட்டினால் தானே எரியும் விளக்குக்கு ஒரு எல்.டி.ஆர் (வெளிச்சம் குறைந்தால் மின்தடை கூடும் உணரி), ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், 12 வோல்ட் ரிலே (சுருளில் மின்சாரம் பாய்ந்தால் விளக்கைப் போடும் சுவிட்ச்) வைத்துச் செய்திருந்தேன், வெளிச்சம் மங்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ரிலே டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அது இப்போது சரியாகிவிட்டது.

கெபாசிட்டர் போடச் சொன்னார்கள் சிலர். போட்டேன், அடிப்பது மெதுவானதே தவிர நிற்கவில்லை.

நிறுத்தியது எல்.எம்.358தான், இரண்டு உள்ளீடுகளின் வோல்ட்டை ஒப்பிடும் ஆப்-ஆம்ப் ஐ.சி; ப்ளஸ் உள்ளீடு அதிகமானால் வெளியீடு உயரும். எல்.டி.ஆர் மேலே (12 வோல்ட் பக்கம்), 100 கிலோ ஓம் ப்ரீசெட் (திருகி மாற்றும் மின்தடை) கீழே, நடுப்புள்ளி மைனஸ் உள்ளீட்டுக்கு. ப்ளஸ் உள்ளீட்டுக்கு இரண்டு 10 கிலோ ஓம் மின்தடைகளால் 12 வோல்ட்டைப் பாதியாக்கி 6 வோல்ட். அப்புறம் வெளியீட்டிலிருந்து ப்ளஸ் உள்ளீட்டுக்குத் திரும்பி ஒரு 100 கிலோ ஓம், இதுதான் விஷயமே. வெளியீடு உயர்ந்ததும் அந்த 6 வோல்ட்டும் கொஞ்சம் மேலே ஏறிவிடுவதால், எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் நடுவே சுமார் அரை வோல்ட் இடைவெளி கிடைக்கிறது, மேகம் லேசாக விலகினால்கூட ரிலே அசைவதில்லை. வெளியீட்டுக்குப் பிறகு 4.7 கிலோ ஓம், அதே பிசி547, ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு (வெள்ளைக்கோடு ப்ளஸ் பக்கம், இதை விட்டுவிட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்).

ஒன்று மட்டும், விளக்கின் வெளிச்சமே எல்.டி.ஆர் மேல் பட்டால் எந்த சர்க்யூட்டிலும் விளக்கு எரிந்து எரிந்து அணையத்தான் செய்யும். அதனால் எல்.டி.ஆரைக் கறுப்புக் குழாய்க்குள் செருகி வானத்தைப் பார்க்க வைத்திருக்கிறேன்.